இரும்பு விரல் கதையும் அம்மாவின் கைநாட்டும்

பூனாகலை,
16.9.1979

அன்புள்ள மகன் சிவஞானத்துக்கு,

கதிர்காமக் கந்தன் புண்ணியத்தில் நானும் தங்கச்சியும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் கொழும்பு வெயிலில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுதச் சொல்கிறேன். பத்திரிகையில் வந்த உன் கதையைத் தங்கச்சி இன்று மத்தியானம் சத்தமாக வாசித்தாள், லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற கருப்பம்மாவும் வந்து கேட்டாள். நூறு வருசம் கழித்துக் தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கெல்லாம் இரும்புக் கை மாட்டுகிறார்கள், குளிரில் விறைக்காது, அட்டை கடிக்காது என்று வந்ததும் அவள், "எனக்கு ரெண்டு சோடி அனுப்பச் சொல்லுங்கக்கா, ஒரு சோடி எம்புருசன அறையிறதுக்கு" என்று சிரித்தாள். ஆனால் ராசா, அதில் ஒரு பிழை இருக்கிறது. கொழுந்தைக் கண்ணால் பார்த்து எடுப்பதில்லை, கண் அடுத்த செடிக்குப் போய்விடும், விரல்தான் இது பிஞ்சு இது முத்தல் என்று சொல்லும். இரும்புக்கு அது எப்படித் தெரியும்? கூடையில் முத்தல் இருந்தால் கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் கொட்டிக் கிளறி ஏசுவார். அதைத் திருத்தி எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, அச்சு மிஷின் ஓடும்போது கையைக் கவனமாக வை. மாரியம்மன் உன்னைக் கண்போலக் காப்பாள். தீபாவளிக்கு லீவு கேட்க மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா ரெங்கம்மா
(கைநாட்டு)

அண்ணே, இனி வருவது அம்மா சொன்னதல்ல, தெய்வானையாகிய நானே எழுதுவது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். உங்கள் கதையில் அந்தப் பெண் இரும்புக் கையை அடுப்பில் வைத்து, சுடுவதே தெரியாமல் நிற்கும் இடம் வந்ததும், "போதும்டி, மூடி வை" என்று அம்மா எழுந்துவிட்டார். கருப்பம்மா அக்கா போனபிறகு அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு விரலில் பெரிய கொப்புளம், எப்போது சுட்டது என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்தினேன், "எப்ப குத்தப் போற?" என்று கேட்டார், அப்போது நான் குத்தி முடித்திருந்தேன். முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்றும் இருக்கிறது. எங்கள் சுகாதாரப் பாடப் புத்தகத்தில் இது என்ன வியாதியாக இருக்கலாம் என்று இருக்கிறது, அந்தப் பெயரை எழுத என் கை வரவில்லை. ஆனால் விழுங்கக் குளிசை இருக்கிறதாம், சுணங்காமல் சீக்கிரமே போனால் சுகமாகுமாம். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "லயத்துச் சனத்துக்குத் தெரிஞ்சா பைப்படியில தண்ணி எடுக்க விடுவாளுகளா? ஒன்ன யாரு கட்டுவா?" என்று அழுதார். இரண்டு கிழமையாகக் கூடையில் முத்தல் விழுந்து ஏச்சு வாங்குவது வேறு யாருமில்லை, அம்மாதான். தீபாவளி வரைக்கும் பொறுக்காதீர்கள் அண்ணே, இந்தக் கிழமையே வந்து கூட்டிப் போங்கள், உங்கள் பேச்சைத்தான் கேட்பார்.

மேலே கைநாட்டு மூன்று தரம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெருவிரலை வைத்து அழுத்திவிட்டு ஒவ்வொரு தரமும், "தாளுல பட்டுச்சாடி?" என்று என் முகத்தைப் பார்த்தார். முதல் தரமே நன்றாகத்தான் விழுந்தது.