நான்கு வருடப் படிப்பும் ஒரு சட்டி தயிரும்

திருகோணமலை
6.10.1966

அன்புள்ள இராசமலருக்கு,

நான் எழுதுவது உமக்குப் பிடிக்குமோ தெரியாது, குறை நினைக்க வேண்டாம். உம்முடைய அப்பாவைக் கலியாணம் செய்து இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகியும் உமக்கு ஒரு வரி எழுதத் துணிவு வரவில்லை, இன்று சிரிப்பு அடங்காமல்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், பேராதனைக் குளிரில் நீரும் இருமல் தடிமன் இல்லாமல் இருக்கக் கோணேசர் துணை.

புவியியல் ஸ்பெஷல் பட்டத்துக்கு எடுபட்டிருக்கிறீர், அது நான்கு வருடம், ஜெனரல் என்றால் மூன்றுதான் என்று அப்பாவுக்கு எழுதியிருந்தீர். திரியாயிலுள்ள என் பிறந்த வீட்டிலும் இந்த வீட்டிலும் பட்டம் பெற்றவள் நான் ஒருத்திதான், நான் மூன்று வருடத்தில் முடித்தவள், ஆகவே நான்கு என்றதும் பிள்ளை ஒரு வருடம் பெயிலாகிவிட்டாள் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தால் வீடு வருமுன்னர் பத்திரகாளி கோவிலில் தேங்காய் அடித்தாயிற்று, துறைமுகம் முழுக்கக் கதையும் பரவியாயிற்று. பக்கத்து வீட்டு நல்லம்மா மாமி, பெட்டை கெட்டிக்காரியெல்லோ, ஊர்க்கண் பட்டுப்போச்சு என்று உமது போட்டோவுக்கு உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிக்கொண்டு நின்றார். அப்பாவோடு துறைமுக ஜெட்டியில் வேலை செய்யும் லாபிர் நானா கிண்ணியாவிலிருந்து ஒரு சட்டி தயிரோடு துக்கம் விசாரிக்க வந்து, கவலைப்படாத அருளம்பலம், என்ட மூத்தவன் எட்டாம் வகுப்பில மூணு வருசம் இருந்தவன், இப்ப கடல்ல லோஞ்சு ஓட்டுறான்தானே என்று தேற்றுகிறார். நான் குசினி வாசலில் நின்றபடி, ஜெனரல் என்றால் முதல் வருடம் பாஸ் பண்ணிய எல்லோரும் செய்யலாம், நான்கு வருடத்துக்குத் திறமான ஒருசிலரைத்தான் எடுப்பார்கள், என்னை எடுக்கவில்லை என்று மெல்லச் சொன்னேன். பிறகு லாபிர் நானா, அப்ப தயிரைத் திருப்பிக் கொண்டுபோறதா என்று கேட்டாரே, மாமி சிரித்த சிரிப்பில் மிளகாயெல்லாம் நிலத்தில். அப்பா சட்டையை உட்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு சைக்கிளில் பறந்தவர்தான். காண்கிறவர்களிடமெல்லாம், மூண்டு வருசமெண்டால் ஆரும் படிப்பினம் என்கிறாராம். வீட்டிலும் அதையே சொல்லத் தொடங்கி, என்னைக் கண்டதும் நாக்கைக் கடிக்கிறார்.

ஆனால் அவர் சந்தோசத்தில் உமது கடைசி வரியைக் கவனிக்கவில்லை. இனி வீட்டுக்குப் பாரமாக இருக்க விருப்பமில்லை, மூன்று வருடத்தில் முடித்து வேலையோடு தனியே இருக்கலாமென்று யோசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர். வரைபடம் கீறிக் கீறி அலுத்துவிட்டது என்றால் ஜெனரல் எடும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நான் இந்த வீட்டுக்கு வந்ததுதான் காரணம் என்றால் எடுக்க வேண்டாம், பிள்ளை. உம்மை விட ஆறு வயது மூத்தவள் நான், இந்த வீட்டில் உம்முடைய இடத்தில் இருக்க எனக்குத் தெரியவும் தெரியாது, ஆசையும் இல்லை.

எந்தப் படிப்பு என்று திங்கட்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம், மறந்துவிடாதேயும். நேரத்துக்குச் சாப்பிடும். எடுக்கும் படிப்பு எதுவானாலும் அம்மன் அருளால் நன்றாக வருவீர்.

போன லீவுக்குச் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டீர், அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மார்கழி லீவுக்கு வாரும். ரயிலடிக்கு அப்பாவோடு நானும் வரட்டுமா?

சிவயோகம்