இஸ்திரி போட்ட ரோஜாக்கள்

ஜூன் 4
பட்டு ரிப்பன் வாங்கி வந்தேன். வெளிர் சிவப்பும் பச்சையும். இருபது வருஷமாகத் தையல் கடையில் கிழிசலும் கால்சட்டை மடிப்பும் தைத்த கை இது. ரிப்பனில் பூ போடுவது என்ன பெரிய விஷயம்?

தங்கைக்குக் கழுத்தில் ஆபரேஷன் செய்து கட்டி எடுத்து ஆறு வாரமாகிறது. எங்களோடுதான் இருக்கிறாள்; தழும்பை மறைக்கச் சுற்றிய தடித்த ஸ்கார்ஃபை வீட்டுக்குள்ளேகூடக் கழற்றுவதில்லை. ஜூலை ஒன்றாம் தேதி வங்கி கவுன்ட்டரில் மறுபடி உட்கார வேண்டும். "வேலையை விட்டுடறேன்க்கா. எல்லாரும் தழும்பையே பார்ப்பாங்க" என்கிறாள். அவளுக்குப் பிடித்த நீல கவுன், அகலக் கழுத்து வைத்தது, அலமாரியில் சும்மா தொங்குகிறது. அதன் கழுத்தோரம் முழுக்க ரோஜா தைக்கப் போகிறேன். பார்க்கிறவர்கள் கண் பூவிலேயே நிற்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு அவள் வேலைக்குப் போகத்தான் போகிறாள்.

ஜூன் 6
பெரிய விஷயம்தான்.

ஜூன் 9
துணியில் நூலால் நட்சத்திரம்போல் ஐந்து கால் போட்டு, ரிப்பனை ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகச் சுற்றினால் ரோஜா. செல்போன் வீடியோவில் அந்தப் பெண் பேசிக்கொண்டே செய்துவிடுகிறாள். நான் சுற்றினால் கயிறு. ரிப்பனை இறுக்கக் கூடாதாம், தளர்வாக விட வேண்டுமாம். எப்படி விடுவது? தையல் தளர்ந்தால் முதலாளியிடம் திட்டு வாங்கியே வளர்ந்தவள் நான்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "முட்டைக்கோஸ் நல்லா வந்திருக்கே" என்றார். இன்று அவரோடு பேச்சு கிடையாது.

ஜூன் 15
ஒன்று வந்துவிட்டது! இழுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரிப்பன் தானாக மடியும்வரை பொறுத்திருந்தேன். நீளமாக வெட்டினால் துணியில் நுழைந்து நுழைந்து ஓரம் பிசிறிப்போகிறது என்பதும் புரிந்தது. இனி கவுனில்தான்.

ஜூன் 27
கழுத்தோரம் முழுக்க முடிந்தது. வீட்டுக்காரர்கூட கோஸ் என்று சொல்லவில்லை.

ஜூன் 28
ஐயோ.

தைத்து முடித்ததும் இஸ்திரி போடுவது கடைப் பழக்கம். யோசிக்கவே இல்லை — கவுனை விரித்தேன், பெட்டியை வைத்து அழுத்தினேன். அத்தனை ரோஜாவும் தட்டை. புத்தி எங்கடி போச்சு உனக்கு? இவ்வளவு நாள் உழைப்பும் போச்சே! சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

சத்தம் கேட்டுத் தங்கை வந்தாள். கவுனைத் தூக்கிப் பார்த்தாள். "பூவுக்குப் போய் யாராவது இஸ்திரி போடுவாங்களாக்கா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். முதலில் கோபம் வந்தது. அப்புறம் எனக்கும் சிரிப்பு.

பிரித்துவிட்டு மறுபடி தைக்கிறேன். கடைக்கு லீவு சொல்லியாச்சு.

ஜூன் 30
பாதிக் கழுத்துக்குத்தான் பூ. தங்கைதான் ரிப்பன் வெட்டிக் கொடுத்தாள். "ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் அழகாத்தான் இருக்கு. போய்த் தூங்கு" என்றாள்.

ஜூலை 1
மடியில் கிடந்து கிடந்து கவுன் கசங்கியிருந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தொடவே பயம். பூவைக் கீழ்ப்பக்கம் திருப்பி, அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, துணியின் பின்புறமாக இஸ்திரி போட வேண்டும் — இப்போது தெரிகிறது. துண்டைத் தேடினேன். எல்லாம் ஈரம்.

தங்கை கழுத்திலிருந்து ஸ்கார்ஃபை உருவினாள். நாலாக மடித்து மேசையில் வைத்தாள். "இதுமேல வச்சுப் போடுக்கா. நசுங்காது."

போட்டேன். நசுங்கவில்லை. கவுனை மாட்டிக்கொண்டாள், கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தாள், கிளம்பிவிட்டாள்.

ஸ்கார்ஃபைத் திருப்பிக் கேட்கவில்லை.