மூன்றில் ஒரு பங்கு எடை

6 மார்ச் 2023, ஸ்கூடாய் பல்கலைக்கழக ஆய்வகம்

நுண்துளைப் படிகத் தூள் பூசிய மின்முனையை இன்று மும்முறை எடைபோட்டேன். பூச்சின் எடை 3.6 மில்லிகிராம். ஆய்வகப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டேன். கிராமுக்கு எவ்வளவு மின்னூட்டம் தேங்கும் என்பதை வைத்தே இத்துறையில் மதிப்பு. எங்களுக்குக் கிடைத்தது நடுத்தரம். அதில் என்ன இழிவு?

8 மார்ச்

ஆய்வகத் தலைவர் டாக்டர் சதாசிவம் அறைக்கு அழைத்தார். "எடைய ஒன்னு புள்ளி ரெண்டுன்னு மாத்திடுங்க. மிச்சம் பசையும் கரியும்தானே லா."

தூளோடு கலக்கும் பசையும் கரியும் பூச்சில் ஐந்தில் ஒரு பங்கே என்பதை இரவல் நூல்களில் கற்ற நானே அறிவேன். அவர் அறியாரா? எடை மூன்றில் ஒன்றானால் கணக்கில் வரும் எண் மும்மடங்காகும். மறுத்தேன். அருவருப்பு.

9 மார்ச்

இந்த அளவீட்டை வைத்து எழுதும் கட்டுரை ஆய்வு மாணவி ஃபரீஹாவின் முனைவர் பட்டத்திற்குரியது. "உங்களுக்கு என்னக்கா, டிகிரியா போகப்போகுது? எனக்கு ஸ்காலர்ஷிப் முடியப்போகுது" என்றாள்.

பதினோர் ஆண்டுகள் செனாய்த் தொழிற்சாலையில் நின்று வேலை பார்த்துவிட்டு இங்கு ஆய்வக உதவியாளராக வந்தவள் நான். எனக்கு இழக்க ஒன்றுமில்லையாம்.

13 மார்ச்

டாக்டர் ஒரு தாளை நீட்டினார். கட்டுரையாசிரியர் வரிசையில் மூன்றாவதாக என் பெயர். அச்சில் வரும். நாற்பத்தாறு வயதில் —

14 மார்ச்

மாத்திட்டேன். ச்சீ. என்ன பொம்பள நான்.

2 செப்டம்பர்

வெளிவந்துவிட்டது. கணவர் கைப்பேசியில் காட்டச் சொன்னார். இணையம் சரியில்லை என்றேன்.

19 பிப்ரவரி 2024

ஹனோயிலிருந்து ஒரு மாணவியின் மின்னஞ்சல். ஐந்து மாதமாக எங்கள் முறைப்படியே செய்கிறாளாம். எங்கள் எண்ணில் மூன்றில் ஒரு பங்கே வருகிறதாம். தன் கை தேறாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். கட்டுரையில் உள்ள மற்ற இருவரும் பதில் தரவில்லையாம். 'நான் எங்கே பிழை செய்கிறேன், டாக்டர் சந்திரமதி?' எனக் கேட்டிருக்கிறாள்.

பழைய பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

20 பிப்ரவரி

பிழை அவளுடையது அன்று என எழுதினேன். நான் டாக்டர் அல்லேன் என்பதையும் எழுதினேன். 3.6-ஐ அடித்து 1.2 எனத் திருத்திய பதிவேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்து, டாக்டருக்கும் ஃபரீஹாவுக்கும் நகல் அனுப்பினேன்.

23 பிப்ரவரி

ஃபரீஹாவின் வாய்மொழித் தேர்வு நிறுத்திவைக்கப்பட்டது. நடைபாதையில் என்னைக் கண்டதும் வந்த வழியே திரும்பிவிட்டாள். ஆய்வகச் சாவியை டாக்டர் கேட்டார், மேசைமீது வைத்தேன்.

"பேரு வேணும்னு கேட்டது நீங்கதானே" என்றார்.

கேட்கவில்லை. ஆனால் வேண்டியிருந்தது.

கூலாய்ப் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. வீடு சேர்ந்ததும் கணவரிடம் கட்டுரையையும் அந்தப் பக்கத்தின் படத்தையும் காட்டினேன்.