மாத்திரை அனுப்பவில்லை

புதுவாயல்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள ஷைனி அப்பாவுக்கு, சாராள் எழுதுகிறேன். அந்த ஊர் வெயிலில் கர்த்தர் உங்களுக்கு நிழலாக இருப்பாராக. இங்கே நானும் குழந்தையும் சுகம்.

எதிர்வீட்டு விமல் லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட் கிளம்புகிறான். அவனிடம் கருவாடும் மாங்காய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன். கால் புண்ணுக்கு மெடிக்கல் கடையில் வாங்கி அனுப்பச் சொன்னீர்களே, அந்த மாத்திரை பையில் இல்லை. போனில் சொன்னால் கோபத்தில் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பி லோகுவுக்குப் போன மாதம் நடந்ததை உங்களிடம் சொல்லவில்லை. தனியாக இருக்கிறவர் பயந்துபோவீர்கள் என்று விட்டுவிட்டேன். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் தகடு கிழித்து அவன் கையில் சீழ் வைத்துவிட்டது. டாக்டரிடம் போக லீவு கேட்கப் பயந்துகொண்டு, கூட வேலை செய்கிறவர் மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போட்டுக்கொண்டான். அவருக்கு நன்றாக வேலை செய்த மாத்திரையாம். நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் உடம்பெல்லாம் சொறிந்தான். உதடு தடித்தது, கண் வீங்கி மூடிக்கொண்டது. "அக்கா, மூச்சு உட முடியலக்கா" என்றான். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

பக்கத்து வீட்டு துளசிராமன் அண்ணன் ஆட்டோவில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். அவன் தலை என் மடியில். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்தபடியே போனேன். போனதும் ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டரம்மா சொன்னார்.

அந்த வகை மருந்தே அவனுக்கு ஆகாதாம். இனி எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டுமாம். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். புண் கொஞ்சம் காய்ந்ததும் இவன், "அதான் ஆறிடுச்சே, இன்னாத்துக்கு இன்னும் முழுங்கினு கெடக்கணும்" என்றான். டாக்டரம்மாவிடமே இழுத்துக்கொண்டு போனேன். எழுதிக் கொடுத்ததை முழுசாகச் சாப்பிடச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தான்.

இப்போது உங்கள் கால். கம்பி குத்தியது என்கிறீர்கள். வீடியோவில் முகத்தை மட்டும் காட்டுகிறீர்கள். நேற்று பேசும்போது பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. காய்ச்சலா என்றால் ஏசி என்கிறீர்கள். எனக்குப் பிரசவத்தின்போது கொடுத்த மாத்திரை உங்கள் புண்ணுக்கு எப்படிப் பொருந்தும்? உங்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்று மெடிக்கல் கடைக்காரருக்குத் தெரியுமா? அங்கே உங்களுக்கு மூச்சு அடைத்தால் தலையை மடியில் வைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

இதைப் படித்த கையோடு டாக்டரிடம் போங்கள். விமல் உங்கள்கூட வருவான், சொல்லியிருக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மேஸ்திரி திட்டினால் திட்டட்டும். ஊருக்கே திருப்பி அனுப்பினாலும் அனுப்பட்டும். ஷைனி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். நீங்கள் வெறுங்கையோடு வந்தாலும் பரவாயில்லை, இரண்டு காலிலும் நடந்து வாருங்கள்.

உங்களுக்காக முழங்காலில் நிற்கும்,
சாராள்.