கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்பும் மனசும் ஒழுங்காக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதப் பேனா மறுக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை, நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். அம்மாவுக்குத்தான் போன மாதம் முகவாதம் வந்துவிட்டது. பதறாதே, மூளையில் ஒன்றுமில்லை, நரம்பு வீக்கம், சில மாதங்களில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இடது பக்கம் வாய் கோணியிருக்கிறது, அந்தப் பக்கத்துக் கண் மூடுவதில்லை. உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வீட்டிலிருந்து பேசினால் அவள் காதில் விழும், எழுதினால் கண்ணில் படும், அதனால் கல்லூரியில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னைத் தாண்டிப் போய்த் துறைத்தலைவரான வயதில் சின்னவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.

வியாதிகூட எனக்குப் பெரிதில்லை. மனிதர்களை நினைத்தால்தான் குமட்டுகிறது. நம் குடியிருப்பில் ஞாயிறுதோறும் வாசகர் வட்டம் நடக்கிறதல்லவா, நான் ஆரம்பித்ததைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் (நீ பெயர் வைத்தாயே, மைக் மாமா) பிடுங்கிக்கொண்டார். இந்த முறை பழைய விஞ்ஞானச் சிறுகதைகளை மறுபடி வாசிப்பது என்று முடிவாகி, என்னுடைய தலையணை பருமன் தொகுப்பிலிருந்தே ஒரு கதையை நகலெடுத்துக் கொடுத்தேன். வேற்றுக் கோளில் ஒரு சுரங்க ஊர். மூச்சுவிடக் காற்று வேண்டுமானால் கூடத்துக்குள் போக வேண்டும், அதன் கண்ணாடிக் கதவு கைரேகை பார்த்துத்தான் திறக்கும். பாறை உடைத்து உடைத்து ரேகை தேய்ந்துபோன ஒருவன் வெளியே நிற்கிறான். உள்ளே அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். உள்பக்கம் ஒரு கைப்பிடி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திருப்பலாம், யாரும் திருப்புவதில்லை, ஒருவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறான். கல்லூரி நாளில் படித்தபோது எனக்கு அந்த இயந்திரத்தின் மேல்தான் ஆத்திரம் வந்தது. இப்போது படித்தால் இயந்திரம் இரண்டே வரிதான் வருகிறது, மிச்சமெல்லாம் மனிதர்கள். கதையில் வரும் குமிழ் விளக்கும் தந்தியும் காயலான் கடைக்குப் போய்விட்டன. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற கூட்டத்தை மட்டும் நேற்று எழுதினாற்போல் இருக்கிறது.

மைக் மாமா பேசினார். அன்னைக்கே சொல்லிட்டாரு பாருங்க, எப்பேர்ப்பட்ட தீர்க்கதரிசி, என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மாடிவீட்டு வக்கீல், அவரு கைரேகையோட நின்னுட்டாரு சார், நாம முகத்துக்கே வந்துட்டோம், என்று பெருமையாகச் சொல்ல எல்லோரும் கைதட்டினார்கள். போன வருடம் நம் வாசலில் முகம் பார்த்துத் திறக்கிற கண்ணாடிக் கதவு போட்டதைத்தான் சொன்னார். இதைச் செய்யாதே என்று ஒருவன் கத்திவிட்டுப் போயிருக்கிறான், இவர்கள் அதைக் கடைவிளம்பரம் மாதிரி படித்து, சொன்ன சாமான் வந்துவிட்டதா என்று சரிபார்க்கிறார்கள். கதாசிரியன் என்ன ஜோசியக்காரனா?

அந்த வாரமே அம்மா கண்ணில் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வந்தாள். நல்ல மழை. கதவுக்கு அவளைத் தெரியவில்லை. உள்ளே மைக் மாமா நின்றார், கீழ்வீட்டு வங்கிக்காரியும் நின்றாள். அவள் பிள்ளைக்கு அம்மைபோட்டபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று உனக்குத் தெரியும். உள்ளே இருக்கிற பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும். கதவு ஏற்காதவரை உள்ளே விட்டால் அபராதம் என்று இவர்களே போட்ட விதி. சாரை வரச் சொல்லிடுங்கம்மா, ரூல்ஸை நாமளே மீறக் கூடாது பாருங்க, என்றிருக்கிறார் மைக் மாமா. வங்கிக்காரி சொன்னதுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் எரிகிறது. அக்கா, கொஞ்சம் சிரிங்களேன், ஒருவேளை எடுக்கும், என்றாளாம். உன் அம்மாவும் சிரித்துப் பார்த்திருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்கூட்டர் நிறுத்துகிற கொட்டகையில் நனைந்துபோய் நின்றாள்.

மறுநாள் மைக் மாமா வீட்டுக்கே வந்து, இப்ப இருக்கற முகத்தைப் பதிஞ்சுட்டா போச்சு சார், அஞ்சு நிமிஷ வேலை, என்றார். அம்மா உள்ளேயிருந்தே, இந்த மூஞ்சி நாலு மாசத்து விருந்தாளிங்க, இதுக்கெல்லாம் குடும்ப அட்டையில பேர் சேக்க முடியாது, என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு வாசகர் வட்டத்தில் நான் எழுந்து, அந்தக் கைப்பிடியைப் பற்றி ஏன் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். வங்கிக்காரி போனைப் பார்த்தாள். சார் கொஞ்சம் பர்சனலா எடுத்துக்கறாரு, என்றார் மைக் மாமா. திங்கட்கிழமை காலையில் என் தொகுப்பைக் கொண்டுபோய்க் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன், கதவு மூடவில்லை. அபராத அறிவிப்பு வந்தது. இலக்கியம் அந்தக் கட்டிடத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

ஆனாலும் அம்மா வெளியே வரவில்லை. கதவு திறந்திருக்குங்க, அவங்க கண்ணை என்ன பண்றது, என்கிறாள். பள்ளிக்கூட வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். கண்ணாடி முன் உட்கார்ந்து கன்னத்தை ஊதி, புருவத்தைத் தூக்கி, தினமும் பயிற்சி செய்தால்தான் நரம்பு திரும்புமாம். இவளோ குளியலறைக் கண்ணாடியில் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறாள். நான் சொன்னால் எரிந்து விழுகிறாள். நான் பேசினாலே சண்டைபோடுகிற மாதிரி இருக்கிறதாம், இருக்கலாம்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். போனில் கேமரா கெட்டுவிட்டது என்று உன்னிடம் அவள் சொன்னது பொய். தினமும் வீடியோவிலேயே கூப்பிடு. அவள் பக்கம் கறுப்பாகத்தான் இருக்கும், ஏன் என்று கேட்காதே, நீ பாட்டுக்கு உன் முகத்தைக் காட்டிக்கொண்டு பேசு. பல் தேய்த்துக்கொண்டே பேசு, தலை வாராமல் பேசு, கன்னத்தில் சோற்றை அடக்கிக்கொண்டு பேசு. அவளாகத் திறக்கிறவரை கூப்பிட்டுக்கொண்டே இரு.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். தீர்க்காயுசாக இரு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
சத்தியத்தை மீறிய
உன் அப்பா