இரண்டு இருக்கை வண்டியும் ஓர் ஆடி மாதமும்

ஜூலை 20, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலையாக இவருக்குச் சட்டை மாட்டிவிட்டேன். முதலில் இடது கை, பிறகு முதுகைச் சுற்றி வலது கை. மாற்றிச் செய்தால் வலியில் பல்லைக் கடிப்பார், சத்தம் மட்டும் வராது. இடது தோள்பட்டை இறுகி நான்கு மாதம் ஆகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வருவதுதான், தானாகச் சரியாகும், ஒன்றரை வருடம்கூட ஆகலாம் என்கிறாள் பிசியோதெரபி பெண்.

அதுவரை கார் சும்மா நின்றால் செத்துவிடும் என்கிறார் இவர். கியர் போட இடது கை வேண்டும். அதனால் விற்கிறார்.

சிவப்பு கார். இரண்டே இருக்கை. கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். ஒன்பது வருடம் முன்பு, ஓடாத நிலையில், புதுச்சேரியிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். உரிமையாளர் பெயர்: கா. இளவரசி. சிரித்துவிட்டேன். ஆனாலும் அன்று முதல் அது என் வாயில் "உங்க சக்களத்தி"தான். "எனக்கில்ல, ஒனக்குத்தான் சக்களத்தி" என்று திருத்துவார்.

வாங்கப்போகிறவர் சிதம்பரத்து டாக்டர், சித்தார்த் என்று பெயர், சின்ன வயது. ஓட்டினால் பின்சக்கரங்களிலிருந்து ஊங்ங் என்று ஒரு முனகல் வருகிறது. பேரிங் இரண்டும் போய்விட்டன. மாற்றிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார். ஆடியில் வண்டி எடுக்க அவர் அம்மா விடமாட்டாராம். எனவே ஆவணி முதல் தேதி.

மெக்கானிக்கிடம் விடலாமே என்றேன்.

"வேற எவன் கையும் இதுமேல பட்டதில்ல எளவரசி. கடைசியா ஒரு தடவ நானே பண்ணிட்றேன்."

எந்தக் கையால்?

ஜூலை 27, ஞாயிறு

சக்கரத்தின் நடுவில் ஒரு பெரிய நட்டு. அதைக் கழற்றினால்தான் மற்றதெல்லாம். ஒற்றைக் கையால் ஸ்பேனரைப் பிடித்து இழுத்தார். வழுக்கியது. மறுபடி இழுத்தார். மூன்றாம் முறை அப்படியே தரையில் உட்கார்ந்து, காரை அல்ல, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"நகருங்க" என்றேன். "உள்ள ஏறி பிரேக்க மிதிங்க. நான் கழட்றேன்."

"நீயா?"

"ஆர்.சி.ல யாரு பேரு இருக்கு?"

லேத்துப் பட்டறை கொளஞ்சியிடம் போய் நாலடிக் குழாய் வாங்கி வந்தேன். "எதுக்குக்கா, கொடிக் கம்பத்துக்கா?" என்றான். ஸ்பேனரின் பிடியில் குழாயைச் செருகி, அதன் முனையில் ஏறி நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு குதி குதித்தேன். டொக்!

"பாத்தியா," என்றார் உள்ளிருந்து, "அறுவத்தெட்டு கிலோவ கொறைக்கணும் கொறைக்கணும்னு அழுதியே."

நான்கு மாதத்தில் இவர் அடித்த முதல் கிண்டல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. பதினெட்டாம் பெருக்கு

ஊரெல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிறது. நான் காருக்கடியில்.

வலப்பக்கச் சக்கரத்திலிருந்து பேரிங் உட்காரும் இரும்பு வீட்டை நேற்றே கழற்றிக் கழுவி வைத்தாயிற்று. பழைய பேரிங்கைத் தட்டி எடுத்ததும் நான்தான். இன்று புதியதை ஏற்ற வேண்டும். பேரிங் குளிர்ந்தால் சுருங்கும், வீடு சூடானால் விரியும், அப்போது எளிதாக உட்காரும் என்றார். எனவே புதிய பேரிங் இரவு முழுக்க ஃப்ரீஸரில், வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில். வீடு தோசைக்கல்லில்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் மலர்க்கொடி சித்ரான்னத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணி, தோசக்கல்லுல இன்னா அது?"

"உங்கண்ணன் காரு."

"நல்ல நாளும் அதுவுமா..." என்று ஃப்ரீஸரைத் திறந்தாள். "ஐயய்யோ, மீனுக்கு வளையல் போட்டு வச்சிருக்கீங்க!"

இவர் சிரித்த சிரிப்பில் தோள் குலுங்கி, வலியில் முனகி, மறுபடி சிரித்தார்.

நீள போல்ட்டும் தடித்த வாஷர்களும் வைத்து முறுக்கி முறுக்கி உள்ளே இழுத்தேன். "வெளி வளையத்த மட்டும் அமுத்து, உள் வளையத்துல பாரம் விழுந்தா புது பேரிங்கும் பழசாயிடும்" என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே உட்கார்ந்தபோது மாறிய ஒலியை இருவரும் ஒரே நொடியில் கேட்டோம்.

"நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள சக்கரத்த மாட்டி முடிச்சிடுங்க" என்று மலர்க்கொடி விரட்டினாள். நாலு இருபத்தைந்துக்கு முடித்தோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அடுத்த ஞாயிறு இடப்பக்கத்துக்கு உதவும் என்று, காலையில் காபியோடு உட்கார்ந்து நேற்றைய வேலையை வரிசையாக இங்கே எழுதப் பார்த்தேன். கழற்றும்போது முதல் வேலை, நட்டின் விளிம்பில் உள்ள நசுங்கலை உளியால் நிமிர்த்தியது. அப்படியானால் மாட்டும்போது கடைசி வேலை, திரும்ப நசுக்குவது. அதுதானே நட்டைக் கழன்றுவிடாமல் பிடித்திருப்பது?

நேற்று அதைச் செய்தோமா?

ஓடிப்போய் நடு மூடியை நெம்பிப் பார்த்தேன். விளிம்பு வழவழவென்று இருந்தது. இப்படியே ஓட்டியிருந்தால்? ராகு காலத்துக்குப் பயந்து சக்கரத்தையே விட்டிருப்போம்.

இவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடத்தில் இந்தக் காரில் எதையும் மறக்காத மனிதர். எழுப்பிச் சொன்னால், கையோடு புத்தியும் போச்சு என்பார். நானே உளியை வைத்து அடித்தேன். முதல் அடி சரியாக விழவில்லை. இரண்டாவது அடி விழுந்தது. பிறகு போய் இவர் காபிக்குப் பால் காய்ச்சினேன்.

ஆகஸ்ட் 6

நகமெல்லாம் கிரீஸ். நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் ஒரு மாணவி, "மேடம், கருப்பு மருதாணியா?" ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இடப்பக்கமும் முடிந்தது. பாதி நேரத்தில். நட்டை நசுக்கும் கட்டம் வந்ததும் உளியை எடுத்து, இவர் சொல்லும் முன்பே அடித்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சத்தம் போயிற்றா என்று ஓட்டித்தானே பார்க்க வேண்டும்? யார் ஓட்டுவது? என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. பதினோரு வருடம் முன்பு வாங்கியது. கியர் மாற்றக் குனிந்து பார்த்து, கேட்டில் இடித்து, அத்தோடு விட்டது.

"நீ ரோட்ட மட்டும் பாரு," என்றார். "கிளட்ச்ச மிதிச்சிட்டு சொல்லு. கியர நான் போட்றேன்."

இடது இருக்கையில் உட்கார்ந்தால் கியர் இவருடைய வலது கைக்கு அருகில்தான் இருக்கிறது! நான்கு மாதமாக இது இருவருக்கும் தோன்றவில்லை.

காலை ஐந்தரைக்கு, ஆளில்லாத கடற்கரைச் சாலையில். கிளட்ச். ம். கிளட்ச். ம். மூன்றாம் தடவைக்குப் பிறகு நான் சொல்லவே தேவைப்படவில்லை. என் முழங்கால் அசைவதைப் பார்த்தே போட்டுவிட்டார்.

முனகல் இல்லை. காற்று மட்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இரண்டு நாள் பழகிவிட்டு, விடிந்தும் விடியாமல் சிதம்பரம் கிளம்பினோம். டாக்டருக்குச் சத்தம் நின்றதைக் காட்ட. "ஆடில பாக்கலாங்க, வாங்கத்தான் கூடாது, அம்மாவக் கேட்டுட்டேன்" என்றிருந்தார். ஆலப்பாக்கம் தாண்டிக் கூரையைத் திறந்தோம். நாற்பதிலேயே போனேன். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தன. இவர் ஒவ்வொன்றுக்கும் கையெடுத்துக் கும்பிட்டார்.

வெள்ளாற்றுப் பாலத்தில் திடீரென்று, "வலப்பக்க நட்டுல நீதானே அடிச்ச?"

நான் சாலையை மட்டும் பார்த்தேன்.

"ரெண்டு தழும்பு இருக்கு. நான்னா ஒரே அடிதான்." கொஞ்ச தூரம் போன பிறகு, "மறந்துட்டேன் இல்ல?"

"நானுந்தான் மறந்தேன். எழுதுனப்போதான் ஞாபகம் வந்துது."

கியர் மேல் இருந்த கையை எடுத்து என் கை மேல் ஒரு நொடி வைத்தார். "கிளட்ச்" என்று நான் கத்த வேண்டியிருந்தது.

டாக்டர் தெற்கு வீதியில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "சூப்பர் சார். ஞாயித்துக்கெழம காலைல வந்து எடுத்துக்குறேன்." இவர் சாவியைத் திரும்ப வாங்கியபோது அதிலிருந்த தூசியைச் சட்டையில் துடைத்தார். திரும்பி வரும் வழி முழுவதும் கியர் மட்டும் போட்டார்.

ஆகஸ்ட் 16, சனி

மாலை காரைக் கழுவினார். ஒற்றைக் கையால், இரண்டு மணி நேரம். வாளி தூக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார். இப்போது உள்ளே செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார். இவர் காதிலேயே விழாது.

மேசையில் விற்பனைப் படிவம் இருக்கிறது. விற்பவர் பெயர் என்னுடையது என்பதால் நான் கையெழுத்திட வேண்டும். இடத்தைக் காட்டிப் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார். எப்போதும் போல ஒழுங்காக.

டாக்டர் நல்ல பையன். வருத்தப்படுவார். அவர் அம்மாவும் திட்டக்கூடும். விடியற்காலையிலேயே நான் போன் செய்து மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

இவருக்குச் சட்டை மாட்டும்போது சொல்லிக்கொள்ளலாம். இடது கை நுழையும்வரை எங்கும் ஓட முடியாது.

பெருக்கல் குறியை ரப்பரால் அழித்துவிட்டேன்.