ஜிஜின் பெட்டியில் இருந்த காயிதம்

பாறசாலை,
14.6.1996

என் மக்கா கனகதாசுக்கு அப்பன் நேசையன் எழுதுகது. நானும் உன் அம்மை ராஜபாயும் சோறு தின்னுகோம், உறங்குகோம், கர்த்தர் அதுக்கு ஒரு குறையும் வைக்கல்ல. நீ அங்க ரெண்டு நேரமாவது ஒழுங்கா தின்னணும்னு அம்மை அடுக்களையில நின்னு சொல்லுகா, அத முதல்ல எழுதுன்னு சொன்னா, எழுதியாச்சு. எப்பவும் உன்னை ரெண்டு கேலி பண்ணிட்டுத்தான் நான் சுகம் விசாரிப்பேன், ஆளுங்களைக் குதிக்கவிட்டு சம்பளம் வாங்குத ஹவில்தாரேன்னு. இந்த வாட்டி கேலி ஒண்ணும் வரல்ல மக்கா.

உன் காயிதம் போன வாரம் செவ்வாக்கிழமை வந்து. ஜிஜின் ஓட்டத்தில விழுந்து செத்தது உன் குற்றம்னு எழுதியிருக்க. பி.டி. பொறுப்பை எடுத்திட்டு வேற வேலை தாங்கன்னு மேல எழுதிக் குடுத்ததாட்டும், இருபத்தி நாலாம் தேதி விசாரணைன்னும், ஓணத்துக்கு லீவு வேண்டாம்னும் எழுதியிருக்க. அவன் அம்மை விலாசினி அக்கா முகத்தில எப்பிடி முழிப்பேன்னு கேட்டிருக்க. நீ லீவில வந்தப்ப நெய்யாற்றங்கரை கிரவுண்டில அவனை விடியக்காலத்தே ஓடவிட்டு ஓடவிட்டு பட்டாளத்துக்கு எடுபட வச்சது நீயாக்கும், அவ தன் ஒத்தை மகனை உன் கையில தந்து விட்டா, அதுனால உனக்கு அப்பிடித் தோணும். எனக்குத் தெரியும். ஆனா குற்றம் ஆருக்குன்னு நான் சொல்லுகேன், நீ ஒரு இடத்தில இருந்து வாசி, நடந்துகிட்டு வாசிக்காத.

சோதனை ஓட்டத்துக்கு முன்னால நீ என்னெல்லாம் செய்யணும்னு பண்டு எழுதியிருந்தது எனக்கு ஓர்மை உண்டு. ஒவ்வொருத்தன் பேரும் எடையும் ரிஜிஸ்டரில எழுதணும், ஆஸ்பத்திரியில கிடந்தவன் எத்தனை நாளுக்கு ஓடப்பிடாதுன்னு டாக்டர் தந்த சீட்டைப் பாக்கணும், வெயில் ஏறதுக்கு முன்ன தொடங்கணும், வழியில தண்ணி வைக்கணும், ஸ்ட்ரெச்சரோட ஒரு வண்டி நிக்கணும், பின்ன வரிசையில நிறுத்தி, காய்ச்சல் உள்ளவன், வயிறு சரியில்லாதவன், உறங்காதவன் வெளிய வான்னு மூணு வாட்டி கேக்கணும். நான் அன்னைக்கு என்ன எழுதினேன், இது பட்டாளமா அங்கன்வாடியா எலேன்னு எழுதினேன். நீயும் சிரிச்சு மறுபடி எழுதின. இப்ப இந்தக் காயிதத்தில நீ எழுதியிருக்க, எல்லாம் செய்தேன் அப்பா, மூணு வாட்டி கேட்டேன், மூணாவது வாட்டி ஜிஜின் முகத்தைப் பாத்தே கேட்டேன், அவன் இல்லன்னு சிரிச்சான், நம்மூர்க்காரன்லா, எல்லார் முன்னயும் நெத்தியில கைவச்சுப் பாக்க மடியும் வெக்கமுமாப் போச்சு, அந்தக் கையை வச்சிருக்கணும்னு. பத்து நாள் காய்ச்சல் கிடந்து எழும்பினவன், சீட்டு முடிஞ்சாச்சு, காய்ச்சல் திரும்பி வந்தது அவனுக்கு மட்டுந்தான் தெரியும். தெரிஞ்சும் ஏன் வாயத் திறக்கல்லன்னு நீ கேட்டு எழுதியிருக்க. அது எனக்குத் தெரியும் மக்கா.

ஏப்ரல் மாசம் நீதான் எழுதியிருந்த, ஜிஜின் காய்ச்சலா ஆஸ்பத்திரியில கிடக்கான், பேடிக்க ஒண்ணும் இல்லன்னு. நான் சும்மா இருந்திருக்கப்பிடாதா. ஒரு இன்லாண்ட் வாங்கி அவனுக்கு எழுதினேன். எலே ஜிஜினே, நீ பட்டாளத்துக்குப் போனியா பேறெடுக்கப் போனியா, பத்து நாளா கட்டிலில கிடக்கியாமே, பெத்தவளுக்குக் குடுக்குத குறுந்தோட்டிக் கஷாயம் பார்சல் போடட்டா, இங்க குளத்தூர் ஜங்ஷனில உன் பேரு இப்ப பேற்றுக்காரின்னாக்கும், சாயக்கடையில எல்லாரும் கேட்டுச் சிரிக்கினும், இனி ஒரு தடவை நீ கிடந்தன்னு கேட்டா வாற லீவில தொட்டில் கட்டி வைப்போம்னு எழுதினேன். சாயக்கடையில ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல்ல. ஜங்ஷனில எல்லாரும் அவனை மெச்சிட்டுதான் இருந்தினும். நான் தனியா இருந்து உண்டாக்கின பொய்யாக்கும் அது. எழுதி ஒட்டிட்டு நானே சிரிச்சேன். அம்மை என்னத்துக்குச் சிரிக்குதியன்னு கேட்டா, ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்.

போன சனிக்கிழமை விலாசினி வந்தா. ஜிஜினுக்க பெட்டியைப் பட்டாளத்தில இருந்து கொண்டு தந்திருக்கினும், அதுல துணிக்கு அடியில ஒரு காயிதம். அவ படிச்சது மலையாளம், கட்டினவன் குட்டப்பனுக்கு ரெண்டும் தெரியாது, ஜிஜின் மட்டுந்தானே களியக்காவிளை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில படிச்சான். அண்ணா, இது தமிழாக்கும், ஒண்ணு வாசிச்சு தரணும்னு நீட்டினா. மடக்கு அழுக்கேறி, நாலஞ்சு வாட்டி பிரிச்சு வாசிச்ச மாதிரி இருந்து. என் கையெழுத்து.

நான் வாசிச்சேன் மக்கா. இல்லாததை வாசிச்சேன். ஜிஜினே நீ உடம்பைப் பாத்துக்கிடணும், நேரத்துக்குச் சோறு உண்ணணும், உன் அம்மைக்கு மாசாமாசம் எழுதணும்னு, வாயில வந்ததை எல்லாம் காயிதத்தைப் பாத்துக்கிட்டே சொன்னேன். ஆரு எழுதினதுன்னு கேட்டா. கூடப் படிச்ச பையனாக்கும்னு சொன்னேன். அவ கண்ணைத் துடைச்சிட்டு, நல்ல பிள்ளை, இன்னும் ஒரு வாட்டி வாசிக்கணும் அண்ணான்னா. எனக்கு முதல்ல என்ன சொன்னேன்னு ஓர்மை இல்ல. வேற என்னமோ வாசிச்சேன். அவ கேட்டுக்கிட்டே இருந்திட்டு, சோறு உண்ணச் சொன்னது எங்க அண்ணா, அது இப்ப வரல்லியேன்னு கேட்டா. சந்தேகப்பட்டுக் கேக்கல்ல, அந்த ஒரு வரி அவளுக்குப் பிடிச்சுப் போச்சு, அதைத் தேடினா. அம்மை அடுக்களையில இருந்து வந்து நிலையில நின்னு என்னையே பாத்தா. நாப்பது வருஷமா என் பொய் எல்லாம் அவளுக்குத் தெரியும்லா.

மூணாவது வாட்டி உள்ளதை வாசிச்சேன். ஒரு வரி விடல்ல. குறுந்தோட்டிக் கஷாயம்னு வாசிச்சப்ப விலாசினிக்குச் சிரிப்பு வந்திட்டு மக்கா, சத்தமா சிரிச்சா, பின்ன அந்தச் சிரிப்பு எங்க போச்சுன்னு தெரியல்ல. பேற்றுக்காரின்னு எல்லாரும் சொன்னினுமான்னு கேட்டா. ஒருத்தரும் சொல்லல்ல, நான் சொன்னதாக்கும், எழுதினதும் நானாக்கும்னு சொன்னேன். கனகதாஸ் மூணு வாட்டி கேட்டும் உன் மகன் வாய் திறக்காதது இதுனாலயாக்கும்னும் சொன்னேன். அவ காயிதத்தை என் கையில இருந்து வாங்கி பழைய மடக்கிலயே மடக்கினா. ஏசுவா, மண்ணை வாரி எறிவான்னு நினைச்சேன், எறிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். எழும்பி நின்னு, கனகதாஸ் லீவுக்கு வந்தா எங்க வீட்டுக்கு வரச் சொல்லணும், எம்புள்ளை எம்புட்டு தூரம் ஓடினான், கடைசியா என்ன சொன்னான்னு அவன் எங்கிட்ட சொல்லணும்னா. பின்ன, நீங்க இனி அங்க வரண்டாம் அண்ணான்னா. போயிட்டா.

அதுனால மக்கா, நீ ஓணத்துக்கு வரணும். விசாரணையில நான் இப்ப எழுதுத இந்தக் காயிதத்தைக் காட்டு, தமிழ் தெரியாத ஆபீசருக்கு நீயே ஒவ்வொரு வரியா சொல்லிக் குடு, அப்பன்னு பாத்து எதையும் விழுங்காத. பி.டி. பொறுப்பை விடாத, அந்தக் கையை வச்சிருக்கணும்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தந்தான், இனி வெக்கப்படாம வை, நம்மூர்க்காரனா இருந்தா ரெண்டு வாட்டி வை. இங்க நான் சாயக்கடைக்குப் போறதில்ல, எல்லாரும் நேசையனுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கினுமாம். குட்டப்பன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகத் தொடங்கியாச்சு, ஆரியங்கோட்டுக்கு சைக்கிளில நம்ம வாசல் வழியாத்தான் போவான், முன்ன மணியடிச்சுக்கிட்டுப் போவான், இப்ப அடிக்கதில்ல.

கர்த்தர் உன்னைக் காத்து, உன் கூட ஓடுத பிள்ளைகளையும் காக்கணும்னு நானும் அம்மையும் ஜெபம் பண்ணுகோம். தண்ணி நல்லா குடி. பஸ்ஸைவிட்டு இறங்கினதும் நம்ம வீட்டுக்கு வராத, முதல்ல விலாசினி வீட்டுக்குப் போ. நான் ரோட்டு வளைவு வரைக்கும் கூட வந்து உன் பெட்டியைப் பிடிச்சிட்டு நிக்கேன், அவ பேசி முடிச்சு உன்னை விடுகது வரைக்கும்.

உன் அப்பன்,
நேசையன்